காட்டொலிவம்: ஒரு சொல்லின் கதை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துக்கு முன்னால் படப்பை என்ற ஊர் வருகிறது. புதிய கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிச் செல்லும் நீண்ட லாரிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பெயர்ப்பலகை பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஆனால் படப்பை என்பது பழந்தமிழ்ச் சொல். சங்கப் பாடல்களில் அது பல இடங்களில் வருகிறது. வீட்டை அடுத்த கொல்லை, வேலியிட்ட தோட்டம், ஊரை ஒட்டிய விளைநிலம் என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறுவர். மனிதன் வேலி கட்டி, நீர் பாய்ச்சி, தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட நிலம் படப்பை. வேலிக்கு அப்பால் இருப்பது காடு.

இந்த வேலியை மனிதன் நிலத்தில் மட்டும் கட்டவில்லை, சொல்லிலும் கட்டினான். கொல்லையில் நிற்கும் மரத்துக்கு ஒரு பெயர், காட்டில் நிற்கும் அதே மரத்துக்கு வேறொரு பெயர். பழைய கிரேக்கர்கள் ஒலிவ மரத்துக்குச் செய்தது இதைத்தான். அவர்கள் காட்டொலிவத்துக்கு வைத்த பெயரின் கதையைத் தொடர்ந்து போனால் ஒலிம்பிக் பந்தயமும், வேதாகமத் தமிழும், நம் வீட்டு எண்ணெய்க் கிண்ணமும் வழியில் வருகின்றன. சற்று என்னுடன் வாருங்கள்.

அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்தவர். தாவரவியலின் தந்தை என்று போற்றப்படுபவர். தோட்டத்து மரங்களுக்கும் அவற்றின் காட்டு இனங்களுக்கும் தனித்தனிப் பெயர் வழங்குவதை அவர் எடுத்துக் காட்டுகிறார். அத்தி தோட்டத்தில் 'சூகே', காட்டில் 'எரினெயோஸ்'. பேரி தோட்டத்தில் 'அப்பியோஸ்', காட்டில் 'அக்ராஸ்'. ஒலிவம் தோட்டத்தில் 'எலையா', காட்டில் 'கொத்தினோஸ்'. இந்த இணைகளைக் கவனியுங்கள். ஒன்றுக்கொன்று ஒலியில் ஒட்டே இல்லை. நாமாக இருந்தால் முன்னால் 'காட்டு' என்று ஓர் அடைமொழி போட்டு வேலையை முடித்திருப்போம். கிரேக்க ஆட்டிடையனோ வேரிலிருந்தே வேறு சொல் வைத்திருக்கிறான். தோட்டம் போடுவதற்கு முன்பே அவன் அந்த மரங்களோடு பழகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எலையாவும் கொத்தினோஸும் பார்வைக்கு எப்படி வேறுபடும்? காட்டொலிவம் பெரும்பாலும் புதராக வளரும். இலை சிறியது. இளங்கிளைகளின் நுனி முள்போல் கூர்மையாக இருக்கும். ஆடு மேய்வதிலிருந்து தப்பிக்க அது மரத்துக்கு உதவுகிறது. காயும் சிறியது, கொட்டைதான் பெரிது, சதை சொற்பம். ஆகவே எண்ணெயும் சொற்பம். தோட்டத்து ஒலிவமோ சதைப்பற்றுள்ள பெரிய காய்களைத் தருவது.

இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டும் தாவரவியல்படி ஒரே இனமாகும். தோட்டத்து ஒலிவத்தின் கொட்டையை நட்டால் என்ன முளைக்கும்? நல்ல ஒலிவம் முளைக்காது. காட்டொலிவம் போன்ற ஒன்றுதான் முளைக்கும் என்று தியோபிராஸ்டஸ் அன்றே எழுதிவிட்டார். மாங்கொட்டை நட்டவர்களுக்கு இது புதிதாக இராது. பங்கனபள்ளிப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொல்லையில் புதைத்தால், பல ஆண்டுகள் காத்திருந்த பின் பெரும்பாலும் கிடைப்பது வேறொரு மாங்காய். காரணம் ஒன்றே. விதை என்பது இரண்டு பெற்றோரின் கலப்பு; தாயின் நகல் அன்று. தாயின் குணம் மாறாமல் வேண்டுமென்றால் கிளையை வெட்டி நட வேண்டும், அல்லது ஒட்டுக் கட்ட வேண்டும். கிரேக்கர்கள் இரண்டையும் செய்தார்கள். காட்டொலிவத்தின் உறுதியான அடிமரத்தில் நல்ல ஒலிவக் கிளையை ஒட்டுவது மத்தியதரைக் கடல் நாடுகளில் மிகப் பழைய வழக்கம்.

மனிதன் ஒலிவத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது இன்றைக்குச் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பு எனக் கருதப்படுகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆய்வு, இலைகளிலுள்ள பசுங்கணிகங்களின் மரபுப் பொருளை ஒப்பிட்டுப் பார்த்து, துருக்கியும் சிரியாவும் சந்திக்கும் வட்டாரத்தை அதன் முதல் தோட்டமாகச் சுட்டுகிறது. அங்கிருந்து மேற்கே போகப் போக உள்ளூர்க் காட்டொலிவங்களோடு கலப்பு நேர்ந்தது. பறவைகள் தோட்டத்துக் காயைத் தின்று கொட்டையைக் காட்டில் போட்டன. ஆகவே இன்று ஸ்பெயினிலோ கிரேக்கத்திலோ ஒரு முட்புதர் ஒலிவத்தைக் காட்டி, "இது தோட்டத்தையே அறியாத பரம்பரையா, தோட்டத்திலிருந்து ஓடிப்போன பிள்ளையா?" என்று கேட்டால், கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஆய்வுக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

இனி ஒலிம்பியாவுக்குப் போவோம். பழைய ஒலிம்பிக் பந்தயத்தில் வென்றவனுக்குத் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஓர் இலை வளையம் மட்டுமே பரிசு. சீயஸ் கோயிலருகே நின்ற ஒரு காட்டொலிவ மரத்திலிருந்து அதற்குக் கிளை வெட்டினார்கள். அந்த மரத்துக்கே 'அழகிய மாலைக்குரியது' என்ற பொருளில் 'கல்லிஸ்தெபனோஸ்' என்று பெயர். கிளையை வெட்ட வேண்டியவன், தாய் தந்தை இருவரும் உயிருடன் உள்ள ஒரு சிறுவன். கையில் பொன் அரிவாள். நம் வீட்டு மங்கல காரியங்களுக்கு யாரை முன்னால் அழைப்போம் என்று நினைத்துப் பாருங்கள், அதே மனப்பான்மைதான். மாலைக்குக் கிரேக்கச் சொல் 'ஸ்தெபனோஸ்'. தமிழ்க் கிறித்தவர்களிடையே வழங்கும் ஸ்தேவான் என்ற பெயர் அதிலிருந்து வந்ததாகும்.

இந்த மாலையைப் பற்றிப் பேசும்போது பழைய ஆசிரியர்கள் ஒரே சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் சுவையான செய்தி. கி.மு. 476-ல் பாடிய பிண்டார், ஹெராக்ளீஸ் என்னும் வீரன் தன்யூப் ஆற்றின் தலைப்பிலிருந்து கொண்டுவந்த 'எலையா' என்கிறார். ஹெரோடோட்டஸும் 'எலையா' மாலை என்றே எழுதுகிறார். கி.மு. 480-ல் கிரேக்கத்தின்மீது படையெடுத்து வந்த பாரசீகர்கள், இந்தக் கிரேக்கர்கள் வெறும் இலை மாலைக்காகப் போட்டியிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பணத்துக்காக அல்லாமல் பெருமைக்காகப் பொருதும் மனிதர்களோடா நாம் மோத வந்தோம் என்று அவர்களுள் ஒருவர் திகைத்ததாக அவர் சொல்வது புகழ்பெற்ற கதை. ஆனால் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் கி.மு. 388-ல் அரங்கேறிய நாடகத்தில் துணிந்து 'கொத்தினோஸ்' என்கிறார். அதில் ஒரு பாத்திரம் கேலி செய்கிறது: சீயஸ் கடவுள் ஏழையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வென்றவனுக்குக் காட்டொலிவத்தையா சூட்டுவார், பொன்னைச் சூட்ட மாட்டாரா என்று! 'எலையா' என்ற சொல்லைப் போட்டிருந்தால் இந்தக் கேலி எடுபடாது. கொத்தினோஸ் என்ற சொல்லுக்குள் 'ஒன்றுக்கும் உதவாதது' என்ற சாயல் இருந்ததால்தான் அரங்கில் சிரிப்பு எழுந்தது.

தியோபிராஸ்டஸ் அறிவியலாளர், அவர் சொற்களைக் கலக்கவில்லை. நெடுங்காலம் வாழ்ந்த மரங்களைப் பட்டியலிடும்போது ஏதென்ஸில் இருப்பதை எலையா என்றும், ஒலிம்பியாவில் இருப்பதைக் கொத்தினோஸ் என்றும் பிரித்தே எழுதுகிறார். இந்தப் பிரிவுக்குள் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. ஏதென்ஸ் நகர விளையாட்டு விழாவில் வென்றவர்களுக்குப் பரிசு, புனித ஒலிவ மரங்களின் எண்ணெய் நிறைந்த பெரிய சாடிகள். எண்ணெயை விற்றால் காசு. ஒலிம்பியாவில் கிடைத்ததோ காய்க்காத காட்டு மரத்தின் இலை. விற்க முடியாத பரிசு என்பதாலேயே அது எல்லாவற்றிலும் உயர்ந்த பரிசாயிற்று என்பது என் கருத்து. நம் நாட்டிலும் போரில் வென்றவன் சூடியது வாகைப் பூ. யாரும் நீர் ஊற்றி வளர்க்காத மரத்தின் பூ அது. 2004-ல் ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்தபோது பழைய வழக்கத்தைப் புதுப்பித்து, பதக்கம் பெற்ற அனைவருக்கும் ஒலிவ மாலை சூட்டினார்கள். துப்பாக்கி சுடுதலில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோரும் அதைச் சூடினார். அந்த ஆண்டு இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அது. அந்த மாலைக்குப் பெயர் கொத்தினோஸ்தான்.

சொல் வழக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுவதும் சுற்றி எழுதிய பௌசானியஸ், திரோயசென் என்ற ஊரில் காய்க்காத ஒலிவ வகைகள் அனைத்தையும் 'ராக்கோஸ்' என்று அழைப்பதாகக் குறித்து வைத்திருக்கிறார். கொத்தினோஸ், பூலியா, எலையோஸ் மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடக்கம் என்கிறார். நூல் படித்தவனுக்கு மூன்று, ஊர்க்காரனுக்கு ஒன்று. இவற்றுள் பூலியா என்ற சொல் ஹோமரின் காவியத்தில் வருகிறது. கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒடிசியஸ், ஒரே இடத்திலிருந்து கிளைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இரண்டு புதர்களின் அடியில் சருகை மூடிக்கொண்டு தூங்குகிறான். ஒரு புதர் எலையா, மற்றது பூலியா. பூலியா காட்டொலிவமா, வேறு செடியா என்று உரையாசிரியர்கள் பழங்காலத்திலிருந்தே வாதாடி வருகிறார்கள். காட்டொலிவம் என்று கொண்டால் அந்தக் காட்சிக்கு ஓர் அழகு வருகிறது: காடும் வீடும் பின்னிய இடத்தில் வீடு திரும்பும் மனிதன் படுத்திருக்கிறான்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு சொல் செல்வாக்குப் பெற்றது: 'அக்ரியெலையோஸ்'. 'அக்ரியோஸ்' என்றால் காட்டுத்தனமான. அதனோடு எலையா சேர்ந்தது. நம் 'காட்டு' அடைமொழி போன்றதே. தியோபிராஸ்டஸ் காலத்திலேயே இது இருந்தது. ஆனால் உலகம் முழுவதும் பரவியது புனித பவுல் உரோமையர்களுக்கு எழுதிய கடிதத்தால். கி.பி. 57-ஐ ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் அக்கடிதத்தின் 11-ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத மக்களைக் காட்டொலிவக் கிளைக்கும், இஸ்ரவேலரை நல்ல ஒலிவ மரத்துக்கும் அவர் ஒப்பிடுகிறார். காட்டுக் கிளை நல்ல மரத்தில் ஒட்டப்பட்டு, அதன் வேரின் சாரத்தில் பங்கு பெறுகிறது என்பது உவமையின் கருத்து.

இதைத் தமிழாக்குவோருக்கு இரண்டு இடையூறுகள். முதலாவது, மரமே நம் நாட்டில் இல்லை. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்து 1714-15-ல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டுக்குப் பின், பல திருத்தங்களைக் கடந்து, ஹென்றி பவர் தலைமையில் செப்பம் செய்யப்பட்டு 1871-ல் வெளிவந்த பதிப்பில் இது 'காட்டொலிவமரம்' என நிற்கிறது. இரண்டாவது இடையூறு நுட்பமானது. தமிழில் 'காட்டு' என்ற அடைமொழி இரண்டு வேலை செய்கிறது. காட்டுப்பன்றியும் வீட்டுப்பன்றியும் ஒரே இனம். அங்கே 'காட்டு' என்பது வாழும் நிலையைச் சொல்கிறது. காட்டாமணக்கோ ஆமணக்கே அன்று. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறொரு பேரினம். சாயலை வைத்துப் பெயர் வைத்துவிட்டோம். இங்கே 'காட்டு' என்றால் 'போலி' என்று பொருள். காட்டொலிவத்தைக் காட்டாமணக்குப்போல் எண்ணிப் படித்தால் உவமையே சாய்ந்துவிடும். அந்நியச் செடி அந்நியச் செடியில் ஒட்டாது. காட்டுப்பன்றிபோல் எண்ணிப் படித்தால்தான், இரண்டும் ஒரே இரத்தம், ஒன்று வேலிக்குள்ளும் ஒன்று வெளியிலும் இருந்தவை என்ற பொருள் கிடைக்கும். ஒரு சமூகத்தை 'உள்ளே', 'வெளியே' என்று பிரிக்கும் பேச்சில் இந்த வேறுபாடு சிறிதன்று.

உவமையில் ஒட்டு முறை தலைகீழாக இருக்கிறதே என்று தோட்டக்காரர்கள் கேட்பார்கள். நாட்டு மாங்கன்றில் ஒட்டு மா கட்டுவதுதான் உலக வழக்கம். நல்ல மரத்தில் காட்டுக் கிளையை யார் ஒட்டுவார்? பவுல் தாமே இது இயற்கைக்கு மாறானது என்று குறிப்பிடுகிறார். ஆனால் அவர் காலத்திலேயே வாழ்ந்த உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா, செழித்து வளர்ந்தும் காய்க்காத ஒலிவ மரத்துக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார். துரப்பணத்தால் அடிமரத்தில் துளையிட்டு, பச்சைக் காட்டொலிவக் குச்சி ஒன்றை இறுக்கிச் செருக வேண்டுமாம். மரம் கருவுற்றதுபோல் காய்க்குமாம். நாட்டு வைத்தியம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் ஒலிவ வகைகளில் பெரும்பாலானவை தம் சொந்த மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு வகையின் மகரந்தம் வேண்டும் என்பது இன்று உறுதியான உண்மை. செருகிய குச்சி பிழைத்துப் பூத்திருந்தால், வைத்தியம் பலித்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

'ஒலிவ' என்ற சொல்லிலுள்ள வகரத்தை இப்போது கவனியுங்கள். கிரேக்கத்தில் எலையா, வகரம் இல்லை. இலத்தீனில் 'ஒலீவா'. இந்த வகரம் எங்கிருந்து வந்தது? 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர், கிரீட் தீவிலும் கிரேக்கத்திலும் கிடைத்த களிமண் ஏடுகளின் எழுத்தைப் படித்துக் காட்டினார். சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முந்திய அரண்மனைக் கணக்குகள் அவை. அவற்றில் ஒலிவத்துக்கு எழுதப்பட்டிருந்தது 'எ-ர-வ'. அந்த எழுத்து முறையில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே குறி. நாம் 'க' என்ற ஒரே எழுத்தால் இரண்டு ஒலிகளைக் குறிப்பதில்லையா? ஆகவே சொல் 'எலைவா'. பழைய கிரேக்கத்தில் வகரம் இருந்திருக்கிறது. ஏதென்ஸின் கிரேக்கத்தில் அது உதிர்ந்துவிட்டது. உதிர்வதற்கு முன்பே கடன் வாங்கிய இலத்தீன் அதைக் காப்பாற்றியது. இலத்தீன் வழியில் நம்மிடம் வந்த 'ஒலிவ' என்ற சொல்லில், ஏதென்ஸ் தொலைத்த வகரம் பத்திரமாக இருக்கிறது!

எலையாவின் காயில் கிடைப்பது 'எலையோன்'. அதுவே இலத்தீனில் 'ஒலியும்'. முதலில் ஒலிவ எண்ணெய்க்கு மட்டும், பின்னர் எல்லா எண்ணெய்க்கும் பொதுப்பெயர். தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. எள்ளின் நெய் எண்ணெய். பிறகு தேங்காயின் நெய்யும் 'தேங்காய் எண்ணெய்' ஆயிற்று. எள்ளுக்கே உரியதைச் சொல்ல 'நல்லெண்ணெய்' என்ற புதுச்சொல் வேண்டியதாயிற்று. பூமியிலிருந்து எடுத்ததற்கு மேற்கே 'பெட்ரோலியம்' என்றார்கள்; பாறையின் ஒலிவ எண்ணெய் என்று பொருள். நாம் 'மண்ணெண்ணெய்' என்றோம், மண்ணின் எள்நெய். ஒரகடத்திலிருந்து புறப்படும் வண்டிகளின் தொட்டியில் ஊற்றப்படும் பெட்ரோலின் பெயருக்குள் ஓர் ஒலிவ மரம் நின்றுகொண்டிருக்கிறது.

ஒலிவ எண்ணெய் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லே குழுவினரும் அகழ்ந்தபோது கிடைத்த மத்தியதரைக் கடல் சாடிகளில் பெரும்பாலானவை மது கொண்டுவந்தவை. சில ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தவை. யவனர் மது புறநானூற்றில் பேசப்படுகிறது. அவர்கள் எண்ணெய்க்கு ஒரு பெயர் நம் பழம்பாடல்களில் எனக்குத் தென்படவில்லை. நல்லெண்ணெய் இருந்த நாட்டில் அதை யார் பொருட்படுத்தியிருப்பார்கள்? பின்னாளில் அரபு வழி வந்த 'ஜைத்தூன்' என்ற பெயர் தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கியது. இப்போது கடைகளில் 'ஆலிவ் எண்ணெய்' என்று ஆங்கில வழியில் மூன்றாவது பெயரோடு விற்கிறார்கள். ஒரு மரம், மூன்று வாசல்.

கொத்தினோஸ் என்ற சொல் என்னவாயிற்று? உரோமானியரான பிளினி, அப்பென்னைன் மலையில் சாயத்துக்குப் பயன்படும் ஒரு புதரைக் 'கொத்தினஸ்' என்று குறிப்பிட்டார். அந்த வழியே போன பிற்காலத் தாவரவியலார், 18-ஆம் நூற்றாண்டில் அப்பெயரை வேறொரு பேரினத்துக்குச் சூட்டிவிட்டார்கள். பூத்து முடிந்ததும் புகை மூட்டம்போல் தோன்றும் மரம் அது. இமயமலைச் சரிவுகளிலும் வளர்கிறது. மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது; ஒலிவத்தோடு உறவே இல்லை. தாவரவியல் நூலில் இப்பெயரைப் பார்ப்பவர் ஒலிம்பியாவின் மரத்தை நினைத்தால் ஏமாந்துபோவார்.

உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. ஜம்மு, இமாசலப் பிரதேச மலைச்சரிவுகளில் 'கஹூ' என்று வழங்கும் மரம் ஒலிவத்தின் துணையினமே. இந்தியக் காட்டொலிவம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இடலை என்ற மரம் இருக்கிறது; அதுவும் ஒலிவத்துக்கு நெருங்கிய சொந்தம். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒலிவக் குடும்பத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பவழமல்லியும், முல்லையும், மல்லிகையும் இருக்கின்றன. படப்பையில் ஒரு வீட்டுக் கொல்லையில் மாலையில் அவிழும் மல்லிகைப் பூவுக்கும் ஒலிம்பியாவின் முட்புதரில் பூக்கும் சிறு வெண்பூவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் இதழ்கள் அடியில் ஒன்றாகக் கூடியிருக்கும். உள்ளே மகரந்தத் தாள்கள் இரண்டே இரண்டு. நாளைக் காலை ஒரு பூவைக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து எண்ணிப் பாருங்கள். அடுக்கு மல்லி வேண்டாம். அதில் இதழ்கள் பெருகிக் கணக்கைக் குழப்பிவிடும். ஒற்றை மல்லியே சரி.